இரண்டாம் கட்டம்

வூச் என்றால் போலந்துக்காரர்கள் மொழியில் படகு.
படகுக்கு வேண்டிய ஆறு
நூறு வருடமாகக் குழாய்க்குள் ஓடுகிறது,
பழைய சாயப்பட்டறைகளுக்குக் கீழே.

நான் இந்த நகராட்சியில் செலவுக் கணக்கு எழுதுகிறவன்.
எட்டாம் எண் அறை, ரேடியேட்டர் ஓரத்து மேசை.
தெருவுக்கு என்ன வேண்டுமென்று தெருக்காரர்களே
வாக்களித்துச் சொல்ல
ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்குகிறோம்.
ஒதுக்கீடு என்று எழுதும்போதெல்லாம்
யாரோ மழைக்கு ஒதுங்குவதுபோல் இருக்கும் எனக்கு.

அந்த வருடம் க்வாஷ்னா தெருவில்
இடித்துப்போட்ட நூலாலை மனைக்கு
இரண்டு விண்ணப்பங்கள்.

யாத்விகா கொடுத்தது:
பதினொரு லிண்டன் மரம், நான்கு பெஞ்சு,
நாய்க்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று.
மகளின் கணக்கு நோட்டில் கிழித்த
கட்டம் போட்ட தாள்.
எல்லா மரமும் ஒரே உயரம்.

வால்தெமர் கொடுத்தது:
முப்பத்தாறு கார் நிறுத்த இடம்.
அதுவும் கட்டம் போட்ட தாள்தான்.

வால்தெமரைக் குறை சொல்ல மாட்டேன்.
வாரம் மூன்று நாள்
மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பி
வாசலில் அவளை இறக்கிவிட்டு
நான்கு தெரு சுற்றுகிறவர் அவர்.
மாடியேற அவள் காத்திருப்பாள்,
தபால்பெட்டிகளைப் பிடித்தபடி.

அறுபத்தொரு வாக்கில் பூங்கா ஜெயித்தது.
யாத்விகா கசகசா கேக் கொண்டுவந்தாள்.
வாங்கக்கூடாதென்று விதி இருக்கிறது.
தட்டில் துகள்கூட மிஞ்சவில்லை.

ஏப்ரலில் தோண்டினார்கள்.
முதல் அடி செங்கல் தூள்.
இரண்டாம் அடி நீலம்.
மூன்றாம் அடியும் நீலம்.
சாயம் வெளுத்துப்போச்சு என்று
ஆட்களைத்தான் சொல்ல முடியும்;
ஆலை போய் முப்பது வருடமாகியும்
மண்ணுக்கு வெளுக்கவே இல்லை.
காரீயம், குரோமியம் என்றது ஆய்வகத் தாள்.
லாரி லாரியாக அள்ளியதில்
மரத்துக்கு வைத்த பணம் மண்ணுக்குப் போனது.
வரியை மாற்றி எழுதியது என் பேனா:
‘மரம்’ இருந்த இடத்தில் ‘மண் அகற்றல்.’

கிடைத்தது பாதிப் பூங்கா.
ஐந்து மரம், இரண்டு பெஞ்சு.
தொட்டி வந்தது. அது விலை குறைவு.
மீதி நிலத்துக்கு ஆளுயர வேலி,
வேலியில் பலகை: இரண்டாம் கட்டம்,
கீழே ஒரு வருடம்.
வருடத்தின்மேல் வருடம் ஒட்டுகிறோம்.
இப்போதிருப்பது நான்காவது ஸ்டிக்கர்.
பையன்கள் நகத்தால் சுரண்டி
அடியில் இருப்பதைப் படிக்கிறார்கள்.

வேலிக்குள் பிர்ச் முளைத்தது.
யாரும் நடவில்லை,
டெண்டர் இல்லை, தண்ணீர் லாரி இல்லை.
நீல மண்ணில் வெள்ளைத் தண்டுகள்,
இப்போது என்னைவிட உயரம்.

போன மாதம் பணம் வந்துவிட்டது.
இரண்டாம் கட்டத்துக்கு, முழுசாக.
மண்ணை எடுக்க வேண்டும்,
எடுக்க முதலில் பிர்ச்சை எடுக்க வேண்டும்,
எடுத்தபின் ஆறு லிண்டன் வைக்க வேண்டும்.
செவ்வாய்க்கிழமை யாத்விகா வந்தாள்:
இருப்பதை விட்டுவிடுங்கள் என்றாள்.
கேக் இல்லை.
அடுத்த அரைமணியில் வால்தெமர்.
மரமே வேண்டாமென்று அந்தம்மாவே சொல்கிறாளாமே,
அப்படியானால் பத்து கார், பத்தே பத்து என்றார்.
மனைவி எப்படி என்று கேட்டேன்.
லிஃப்ட் எப்போது வைப்பீர்கள் என்றார்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது:
‘அகற்றப்படும் தாமாக வளர்ந்தவை, எண்ணிக்கை.’
எண்ணிவரப் போனேன்.
பூட்டு துருப்பிடித்திருந்தது. வேலிக்கு வெளியே நின்று
பதினேழுவரை எண்ணினேன்.
ஒரே வேரில் மூன்று தண்டென்றால்
அது ஒன்றா, மூன்றா?
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
இருபத்திரண்டில் மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் ஒதுக்கீட்டில் வைத்த
முதல் கட்ட லிண்டன் ஒன்றின் கீழ் ஒதுங்கினேன்.
ரசீதோடு நட்ட மரம், விலைகூட ஞாபகம் இருக்கிறது.
இன்னும் சின்னது.
நன்றாக நனைந்தேன்.
எண் எழுதிய தாளும்.